கொழுப்புக் கணக்கும் குண்டூர் நாடும்

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டார்கள். கொல்லிமலைக்காரன் வல்வில் ஓரியைப் பற்றித்தான் எழுதுவான் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் சென்ற ஆண்டு கைக்கு வந்த ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள் என்னை வேறொரு வரலாற்றைப் படிக்க வைத்துவிட்டது.

மொத்தக் கொழுப்பு 218. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 142. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எதுவும் இல்லை. "லேசாத்தான் கூடியிருக்கு. மாத்திரை ஆரம்பிக்கலாமான்னு யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டாக்டர். குண்டூர் நாட்டில் இருக்கும் என் தங்கையோ, "ஒடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்கண்ணா தெனமும் மாத்திரை?" என்றாள். இரண்டுமே நியாயமாகப் பட்டது.

1913-ல் ரஷ்யாவில் அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்டிரால் கொடுத்து, அது ரத்தக்குழாயில் படிவதைக் காட்டினார். 1948-ல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் தொடங்கிய ஆய்வு, கொழுப்பும் ரத்த அழுத்தமும் புகையும் சேரச் சேர மாரடைப்பு அபாயம் ஏறும் என்றது. 1970-களில் ஜப்பானின் அகிரா எண்டோ ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சோதித்தார். கியோட்டோ அரிசிக்கடை ஒன்றின் அரிசியில் கிடைத்த பூஞ்சையில்தான், கல்லீரல் கொழுப்பு உண்டாக்குவதைத் தடுக்கும் பொருள் அகப்பட்டது. அந்த வழியில் வந்த முதல் ஸ்டாட்டின் மாத்திரைக்கு 1987-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்களுக்கு மாத்திரை உயிர் காக்கும் என்பது 1994-ல் ஸ்காண்டிநேவிய ஆய்வில் உறுதியாயிற்று. என்னைப்போல் மாரடைப்பே வராதவர்களுக்கு? 1995-ல் ஸ்காட்லாந்து ஆய்வு வெளிவந்தது. 6,595 ஆண்கள், ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள். மாத்திரை இல்லாதவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மாரடைப்போ இதயநோய் மரணமோ ஏற்பட்டது. மாத்திரை எடுத்தவர்களில் ஐந்தரைப் பேருக்கு. ஆக, நூற்றுக்கு இரண்டரைப் பேருக்கே லாபம்! அதுவும் அவர்களின் சராசரிக் கொழுப்பு 272. என் 218-க்கு லாபம் இன்னும் குறைவுதானே என்று தாளை மடித்து வைத்துவிட்டேன்.

மடித்தபின்தான் அப்பா நினைவு வந்தது.

1989. நாம் இரண்டாமாண்டு. ஹாஸ்டலுக்குத் தந்தி வந்தது. நீங்கள் நாலு பேர் என்னோடு பஸ் ஏறி, 70 கொண்டை ஊசி வளைவும் கடந்து வந்தீர்களே! மரவள்ளிக் காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. வயது 51. "மலை ஏறி எறங்குற ஆளுக்கு மாரடைப்பா? காத்துக் கருப்புதான்" என்றது ஊர்.

இதை டாக்டரிடம் நான் சொல்லவேயில்லை; அடுத்த முறை சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் இதயநோய் வந்திருந்தால் கணக்கே மாறும் என்றார். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதை இண்டர்ஹார்ட் ஆய்வும் காட்டியிருக்கிறது.

மூன்று மாதம் தவணை கேட்டேன். நடை, எண்ணெய்ப் பலகாரத்துக்குத் தடா, தங்கை அனுப்பிய சாமைச் சோறு. 142 என்பது 129 ஆனது. நல்ல இறக்கம்தான், ஆனால் அப்பாவின் 51-ஐ எந்தச் சாமையும் மாற்றாதே! குறைந்த அளவில் மாத்திரை தொடங்கினேன். தசைவலி வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். இதுவரை இல்லை. தங்கையும் இறங்கி வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

என் முடிவு உங்கள் முடிவாக வேண்டியதில்லை. அப்பா என்ற ஒருவர் என் கணக்கில் இல்லையென்றால் நானே மாத்திரை வேண்டாம் என்றிருப்பேன். தாளில் உள்ள எண்ணோடு வீட்டில் உள்ள கதையையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்த சந்திப்பிலும் நாம் அத்தனை பேரும் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்!