மரிச்சுக்கட்டி முத்துச் சலாபமும் இருபதாண்டுக் குத்தகையும்

கொற்கை முத்து என்றதும் நம் வகுப்பறைகளில் பாண்டியர் பெருமையே முதலில் பேசப்படும். அது பேசத்தக்கதே. ஆனால், முத்தீன்ற கடலின் வரலாறு பாண்டியரோடு முடிந்துவிடவில்லை. அக்கடலை நம்பிப் பெருமுதல் இட்டவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எவ்வாறு ஏமாந்தனர் என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும். சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையின் நகைக்கடைகளில் முத்துமாலையை விலை பேசும் நம்மில் பலர் இதனை அறியார். கீழக்கரை, தொண்டி, இராமேசுவரம் ஆகிய ஊர்களோடு உறவுடைய குடும்பங்கள் இங்கும் வாழ்வதால், இஃது அயலார் கதையும் அன்று.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாவில், கடலடியில் ஆங்காங்கே பாறைத் திட்டுகள் உண்டு. அவற்றைப் ‘பார்’ என்பர். பெரியபார், செவ்வல்பார் என அவற்றுக்குத் தமிழ்ப் பெயர்களே வழங்கின. அப்பார்களில்தான் முத்துச்சிப்பிகள் பற்றி வளரும். சிப்பி முதிர்ந்த ஆண்டில், கடல் அமைதியாக இருக்கும் வாரங்களில் மட்டும் முத்துக்குளிப்பு நடைபெறும். அதற்குச் சலாபம் என்று பெயர்.

சலாபத்தின்போது மன்னாருக்குத் தெற்கே ஆளரவமற்ற கடற்கரையில் திடீரென ஒரு நகரம் தோன்றும். 1905இல் அந்நகரம் மரிச்சுக்கட்டியில் எழுந்தது. தமிழகத்துக் கரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் அரபு நாட்டுக் கரையிலிருந்தும் குளியாளர்கள் வந்தனர். செட்டிமார்களும் மரைக்காயர்களும் பம்பாய் வணிகர்களும் பணத்தோடு வந்தனர். வேடிக்கை பார்க்க வந்தோரும் பலர். காலில் கல்லைக் கட்டி இறங்கும் குளியாளன், ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பிகளைப் பையில் திரட்டுவான். கரைக்கு வந்த சிப்பிகளை மூன்று கூறாக்கி, இரண்டு கூற்றை அரசு எடுத்துக்கொள்ளும். ஒரு கூறு குளியாளர்க்கு உரியது. அரசின் பங்கு மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். வாங்குபவர் சிப்பியைத் திறந்து பார்க்க இயலாது. உள்ளே முத்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சிப்பியை அழுகவிட்டுக் கழுவிய பிறகே ஒருவன் செல்வனானானா, கடனாளியானானா என்பது தெரியும். இக்காட்சிகளை 1906இல் அரசு அலுவலராக இருந்து நேரில் கண்ட லியோனார்டு வுல்ஃப், பின்னாளில் அவற்றை வைத்துக் கதையே எழுதினார்.

விஞ்ஞானியின் வருகை

1892 முதல் 1902 வரை இலங்கையில் சலாபமே நடைபெறவில்லை. காரணம் அறிய ஆங்கில அரசு லிவர்ப்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனை 1902இல் அனுப்பியது. அவருடன் வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். இளஞ்சிப்பிகள் கோடிக்கணக்கில் பெரியபாரில் வந்து படிவதையும், தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பு அவற்றை முதிருமுன்னே வாரிச் செல்வதையும் அவர்கள் கண்டறிந்தனர். திருக்கையும் கிளாத்தியும் சிப்பியைத் தின்று அழிப்பதையும் எழுதினர். இளஞ்சிப்பிகளைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றி வளர்க்கலாம் என்பது அவர்கள் கூறிய வழி. ஆராய்ச்சி மெய்யானது; ஐந்து தொகுதிகளாக வெளிவந்த அவ்வறிக்கை இன்றும் மதிக்கப்படுகிறது.

அறிக்கையின் தொகுதிகள் வெளிவந்துகொண்டிருந்த காலத்திலேயே 1903, 1904, 1905 ஆகிய மூன்றாண்டுகளும் சலாபம் கொழித்தது. 1905இல் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். இலண்டனில் முதலாளிகள் கூடி ‘இலங்கை முத்துக்குளிப்போர் கம்பெனி’யை நிறுவினர். 1906இல் அக்கம்பெனி ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகையில், இருபது ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது.

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு ஒரு கணக்காகவே கொடுக்கலாம். இருபது ஆண்டு வாடகை மொத்தம் 62 இலட்சம். 1905ஐப் போன்ற ஆண்டுகள் இரண்டரை வாய்த்தாலே வாடகைக்குப் போதும்; எஞ்சிய பதினேழரை ஆண்டு வருவாயும் இலாபமே! இக்கணக்கில் பெருக்கலும் வகுத்தலும் பிழையில்லை. பிழை வேறோர் இடத்தில் இருந்தது.

மறந்த ஆண்டுகள்

டச்சுக்காரர் காலத்தில் 1732 முதல் 1746 வரை முத்துக்குளிப்பு இல்லை. 1768 முதல் 1796 வரையும் இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் 1820க்கும் 1828க்கும் இடையே இல்லை. 1837க்குப் பின் 1854 வரை இல்லை. 1864 தொடங்கி மீண்டும் பல ஆண்டுகள் இல்லை. இவையெல்லாம் மறைபொருள்களா? இல்லை. ஹெர்ட்மன் அறிக்கையிலேயே தொகுத்துக் காட்டப்பட்டவை. ஏடு கையில் இருந்தது. நெஞ்சில் இருந்ததோ 1905ஆம் ஆண்டு ஒன்றே.

1906இலும் 1907இலும் சிப்பி கிடைத்தது. அதன்பின் பார்கள் வெறுமையாயின. வாடகையோ ஆண்டுதோறும் கட்டவேண்டியதாயிற்று. கம்பெனி 1912இல் கலைந்தது. குத்தகைக் காலத்தில் பாதிகூடக் கழியவில்லை. இலங்கையில் அடுத்து 1925இல்தான் ஒரு சலாபம் நடந்தது. இந்தியக் கரையில் தூத்துக்குடிச் சலாபம் 1961உடன் நின்றது. கடலை எதிர்நோக்காது சிப்பிக்குள் முத்தை வளர்க்கும் கலையை அதற்குள் சப்பானியர் வாணிகமாக்கிவிட்டனர். இந்தியாவில் 1973இல் தூத்துக்குடியில் அறிஞர் அழகர்சுவாமி அதனைச் செய்து காட்டினார்.

இங்கே இழந்தவர் யார்? இலண்டன் பங்குதாரர் பணத்தை இழந்தனர். ஆனால், வந்துபோன பெருஞ்செல்வத்தால் மரிச்சுக்கட்டி பெற்றது என்ன? சலாபம் முடிந்ததும் ஓலைக் கொட்டகைகள் பிரிக்கப்பட்டன, நகரம் மறைந்தது, சிப்பி ஓடுகளின் குவியலே எஞ்சியது. அருகே அரிப்பில், 1798 முதல் 1805 வரை ஆளுநராயிருந்த பிரடெரிக் நார்த் கட்டிய மாளிகையும் இன்று கடலரிப்பால் இடிந்த சுவராய் நிற்கிறது. அள்ளிச் செல்ல வந்தவர் ஊரைக் கட்டுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கடலட்டையின் கதையும் இதனை ஒத்ததே. அதே வளைகுடாவில் பிடித்து உலர்த்திய கடலட்டை சிங்கப்பூருக்கும் சீனத்துக்கும் ஏற்றுமதியாயிற்று. வேண்டுவோர் இங்கிருந்தனர், குறைந்தது அங்கே. 2001இல் இந்திய அரசு அதனைப் பிடிக்கவே தடை விதித்தது. அப்போது தொழிலை இழந்தோர் சிங்கப்பூரில் வாங்கியவர் அல்லர். கரையில் குளித்து வாழ்ந்த மீனவரே.

இன்று இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளும் சூழ்ந்த கடலும் 1986 முதல் தேசியப் பூங்காவாக உள்ளன. கடற்பசுவுக்கென 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அமைந்தது. முத்துக்கு ஓடிய கூட்டம் இனிப் பவளப்பாறையையும் கடற்பசுவையும் காண ஓடலாம். விடுதி கட்ட முதலும் வரலாம். அதனை வேண்டாமென்று சொல்வதற்கில்லை. கரைவாழ் மக்களுக்குப் பிழைப்பு வேண்டும். ஆயின், முதலிடுவோர் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். நல்ல ஆண்டின் வரவு எவ்வளவு என்பதோடு, வெற்று ஆண்டுகள் எத்தனை? கூட்டம் கலைந்த பின்னர் அவ்வூரில் நிற்கப்போவது என்ன?

கொற்கை முத்தைப் பாடமாக நடத்தும் நாள், மரிச்சுக்கட்டியையும் சேர்த்துச் சொல்வோம். முத்தின் பெருமையை முன்னது கற்பிக்கும். கடலின் அளவைப் பின்னது கற்பிக்கும்.