மிளகு விளையிற இடம்

கனடா, லண்டன், பாரிஸ், சுவிஸ், நோர்வே என்று ஒவ்வொரு நேரக் கணக்கில் இருந்துகொண்டு இந்த இணையவழிச் சந்திப்பில் இணைந்திருக்கிறீர்கள். நன்றி. நான் ஜேர்மனியில் ஹம் நகரத்தில் இருக்கிறேன். தொழிலால் தாதி. வரலாற்றில் பட்டம் பெற்றவள் அல்ல. தாதியர் டிப்ளோமா மட்டும்தான். ஆனால் சமைக்கிறவளுக்கும் நோயாளிக்குச் சாப்பாடு கொடுக்கிறவளுக்கும் உணவின் வரலாற்றைப் பற்றிக் கேட்க நிறைய இருக்கிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மிளகு.

ஹம் என்றவுடன் உங்களில் பலருக்கு 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயிலும் அதன் தேரும்தான் நினைவுக்கு வரும். எங்கள் நகரத்தின் ஊடாக லிப்பே என்றொரு ஆறு ஓடுகிறது. அது மேற்கே போய் வேசல் என்ற இடத்தில் ரைன் நதியில் கலக்கிறது. ஹம்மிலிருந்து அந்த ஆற்றுப் பக்கமாக மேற்கே காரில் அரை மணி நேரம் போனால் பேர்க்காமன் நகரத்தின் ஒபராடன் பகுதி வரும். கி.மு. 11இல் ரோமப் படைத் தளபதி துரூசுஸ் அங்கே ஒரு பெரிய படைமுகாம் அமைத்தான். பரப்பளவு ஏறக்குறைய 56 ஹெக்டேர். மூன்று நான்கு ஆண்டுகளில் அதைக் கைவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த முகாமின் கழிவுக் குழிகளை ஆராய்ந்த தாவரவியலாளர்கள் அத்திப்பழ விதைகளையும் ஒலிவ் கொட்டைகளையும் கண்டார்கள். அவற்றோடு கருமிளகும் கிடைத்தது. இந்தக் கண்டுபிடிப்பு 1980களில் வெளியிடப்பட்டது. ரோமர் காலத்து மிளகு ஐரோப்பிய மண்ணிலிருந்து ஆதாரத்தோடு அடையாளம் காணப்பட்ட முதல் இடங்களில் ஒபராடனும் ஒன்று. குளிரும் சேறும் நிறைந்த லிப்பே கரையில், கிறிஸ்து பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னர், யாரோ ஒரு படைவீரனோ அதிகாரியோ மிளகு போட்ட சாப்பாடு சாப்பிட்டிருக்கிறான்.

அந்த மிளகு எங்கிருந்து வந்தது? அன்று கருமிளகின் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகள். பழந்தமிழகத்தின் சேரநாட்டு மலைகள் அவை. அங்கிருந்து முசிறி போன்ற துறைமுகங்களுக்கு வந்து, பருவக்காற்றோடு அரபிக் கடலைத் தாண்டி, செங்கடலின் எகிப்தியக் கரையில் இறங்கும். பிறகு ஒட்டக முதுகில் நைல் நதி வரை; நைலில் அலெக்சாந்திரியா; அங்கிருந்து ரோம். செங்கடல் துறைமுகமான பெரனிக்கேயில், ஒரு கோயில் முற்றத்தில், இந்தியாவில் செய்த பெரிய சாடி ஒன்று ஏழரைக் கிலோ மிளகோடு கிடைத்தது. அது கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதே நூற்றாண்டில் பிளினி என்ற ரோம எழுத்தாளர் விலையையும் எழுதி வைத்தார்: ஒரு இறாத்தல் கருமிளகு நான்கு தெனாரி, வெண்மிளகு ஏழு, திப்பிலி பதினைந்து.

நமது பக்கத்திலும் சாட்சி இருக்கிறது. யவனரின் கப்பல்கள் முசிறிக்குப் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிப் போனதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. அந்தப் பாட்டில் மிளகுக்கு வரும் பெயர் 'கறி'. சங்கத் தமிழில் கறி என்றால் மிளகு. இன்று நாங்கள் மரக்கறி, மீன்கறி, கத்தரிக்காய்க் கறி என்று சொல்லும்போது அந்தப் பழைய சொல்லைத்தான் வாயில் வைத்திருக்கிறோம். அந்தச் சொல் ஆங்கிலேயரிடம் போய் 'கரி' ஆனது. 1949இல் பெர்லினில் ஹெர்த்தா ஹொய்வர் என்ற பெண் தக்காளிச் சாற்றில் கறித்தூளைக் கலந்து பொரித்த சொசேஜின் மேல் ஊற்றினார். அதுதான் இன்று ஜேர்மனி முழுதும் விற்கிற 'கரிவூர்ஸ்ட்'. எங்கள் வைத்தியசாலைக் கன்டீனிலும் கிடைக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, "ஆகவே இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னமே தமிழர் ஜேர்மனிக்கு வந்துவிட்டார்கள்" என்று யாரும் முகநூலில் எழுதிவிடாதீர்கள். வந்தது மிளகு. அதைக் கொண்டுவந்தவர்கள் கை மாறிக் கை மாறிப் பல இனத்தார். அந்த உண்மையே போதும், அதற்கு மேல் பூச்சுத் தேவையில்லை.

ஜேர்மன் மொழியில் ஒரு வசவு உண்டு. வேண்டாத ஆளைப் பார்த்து, "மிளகு விளையிற இடத்துக்குப் போய்த் தொலை" என்பார்கள். கண்காணாத தூரத்துக்குப் போ என்று அர்த்தம். சில வருடங்களுக்கு முன்னர் இரவு வேலையில், வலியில் துடித்த ஒரு முதியவர் என்னைப் பார்த்து அதைச் சொன்னார். "நான் அங்கிருந்துதான் ஐயா வந்தேன்" என்றேன். அவர் ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டுச் சிரித்தார். பிறகு மிளகுச் செடி எப்படி இருக்கும் என்று கேட்டார். எங்கட யாழ்ப்பாணத்து வளவில் மிளகுக்கொடி இருக்கவில்லை. கடைக்கு வந்த மிளகு கண்டி, மாத்தளைப் பக்கத்தது. வெற்றிலைக் கொடியைப் போல மரத்தில் படரும் என்று விளங்கப்படுத்தினேன். இரண்டும் ஒரே குடும்பம்தான்.

இனி மிளகாய்க்கு வருகிறேன். காரமென்றால் நமக்கு மிளகாய். ஆனால் அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் 1492இல் அங்கே போய்ச் சேரும்வரை நம்மில் யாரும் அதைக் கண்டதில்லை. போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டில் கொண்டுவந்தார்கள். நம்மவர்கள் அதற்கு வைத்த பெயரிலேயே கதை இருக்கிறது: மிளகு போல உறைக்கிற காய், மிளகாய். வேடிக்கை என்னவென்றால், லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் என்ற ஜேர்மன் மருத்துவர் 1543இல் ஜேர்மன் மொழியில் வெளியிட்ட மூலிகை நூலில் மிளகாயைக் 'கோழிக்கோட்டு மிளகு' என்று குறிப்பிட்டார். இந்தியாவின் செடி என்றே இங்கு நம்பினார்கள்.

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் முன்னோருக்கு வேதமும் மிளகாயும் ஒரே கப்பல்காரர் வழியாகத்தான் வந்தன. இன்று மிளகாயை அந்நியம் என்று யாரும் சொல்வதில்லை. ஜேர்மனியருக்கும் உருளைக்கிழங்கு அப்படித்தான். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 1756இல் பிரஷ்ய அரசன் இரண்டாம் பிரெடரிக் அதை நடச் சொல்லிக் கட்டளையே போட வேண்டியிருந்தது. இன்று அதில்லாமல் அவர்களுக்கு மதியச் சாப்பாடு இல்லை.

மிளகாய் வருவதற்கு முன்னர் நம் சமையல் எப்படி இருந்திருக்கும்? அதன் சாயலை நாம் இன்னமும் சமைக்கிறோம். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பத்தியச் சரக்குக் கறியில் மிளகாய் கிடையாது. மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி. அவ்வளவுதான். இவற்றில் மல்லியும் சீரகமும் மத்தியதரைக் கடல், மேற்காசியப் பக்கத்தவை. மன்னா மல்லி விதையைப் போல இருந்தது என்று யாத்திராகமம் சொல்வது அதனால்தான். மிளகும் மஞ்சளும் இஞ்சியும் நமது பக்கத்தவை. 'வீட்டுச் சரக்கு' என்று நாம் சொல்லும் பொட்டலத்துக்குள்ளேயே பாதி உலகம் இருக்கிறது.

நான் ஹம்மில் செய்கிற விதம் இது. ஒரு மேசைக்கரண்டி மல்லி, ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி நற்சீரகம், விரல்நுனி அளவு வேர்க்கொம்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள். தூளாக அரைத்து, ஆறு பல்லு உள்ளியைத் தட்டிப் போட்டு, இரண்டு கோப்பை தண்ணீரில் கரைத்துக் கொதிக்க விடுங்கள். பச்சை மணம் போனதும் வெள்ளை மீன் துண்டுகளைப் போட்டு, மெல்லிய நெருப்பில் பத்து நிமிடம். உப்பு, இறக்கியபின் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. அம்மி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், கோப்பி அரைக்கிற சின்ன மெஷின் போதும்.

தாதியாக ஒன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கறி மருந்து அல்ல. காய்ச்சல் என்றாலோ இரத்தப்போக்கு என்றாலோ வைத்தியரிடம்தான் போக வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீர் தாராளமாகத் தேவை. ஆனால் குளிர்ந்த பாணும் சீஸும் இறங்காமல் படுத்திருக்கிற ஒரு பிள்ளைக்கு, அவளுடைய அம்மா வீட்டிலிருந்து கொண்டுவருகிற சூடான சரக்குக் கறி என்ன செய்யும் என்பதை நான் வார்டில் பலமுறை கண்டிருக்கிறேன். அவள் சாப்பிடுகிறாள். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

இங்கே பிறந்த நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க வெட்கப்படுகிறார்கள் என்று பெற்றோர் சொல்கிறார்கள். அவர்களை ஒருமுறை ஒபராடனுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே நகர அருங்காட்சியகமும், மீளக் கட்டிய ரோம மரச்சுவரும் இருக்கின்றன. அந்த மணம் இந்த ஆற்றங்கரைக்குப் புதியதல்ல என்று சொல்லுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து, மிளகை அவர்கள் கையாலேயே இடிக்க விடுங்கள்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.