கொடுத்த கை பார்த்த முகம்

மயிலாப்பூரில் 1905இல் விரல்விட்டு எண்ணக்கூடிய ஏழைப் பிள்ளைகளோடு தொடங்கியது ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம். தூண்டியவர் சுவாமி ராமகிருஷ்ணானந்தர். சுமையைத் தோளில் ஏற்றுக்கொண்டவர் சி. ராமசாமி ஐயங்கார். பிள்ளைகளுக்குச் சோறு போட ஊராரிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும். அவருடைய உறவினர் சி. ராமானுஜாச்சாரி, ‘செக்ரடேரியட் பார்ட்டி’ என்ற குழுவை வைத்து நாடகம் போட்டு இல்லத்துக்குப் பணம் திரட்டினார். 1921இல் சொந்தக் கட்டடம் எழுந்தது. பணம் கொடுத்தவர்கள் தெருவில் நடந்துபோய் அதைப் பார்க்க முடிந்தது.

அடையாறிலும் அதே கதைதான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. அன்று ரசீது என்பது வெறும் காகிதம் அல்ல. கேட்டவர் நாளைக்கும் இதே வாசலுக்கு வருவார் என்ற உறுதி அது.

2015 டிசம்பரில் அடையாறு கரையை உடைத்துக்கொண்டு கோட்டூர்புரத்துக்குள்ளும் சைதாப்பேட்டைக்குள்ளும் புகுந்தபோது, உதவி கேட்கும் குரல் வாட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பியவர் யார் என்று தெரியாமலே பலர் அதை அடுத்தவருக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டே யுபிஐ வந்தது. கொடுப்பது ஒரு நொடி வேலை ஆயிற்று. கேட்பவரின் முகம் மறைந்தது.

மோசடிக்காரர்களுக்கு அந்த இடைவெளி போதும். 2020 மார்ச்சில் பிரதமரின் கொரோனா நிதி அறிவிக்கப்பட்ட சூட்டோடு, ‘பிஎம் கேர்ஸ்’ முகவரியில் கடைசி ‘எஸ்’ மட்டும் இல்லாத போலி யுபிஐ முகவரி உலவியது. அரசின் பெயருக்கே அந்த நிலை.

இன்று தி.நகரில் பேருந்துக்குக் காத்திருப்பவரின் கைபேசியில், நிதி கேட்கும் விளம்பரம் ஒன்றில், ஆக்ஸிஜன் குழாயோடு ஒரு குழந்தை அழுகிறது. “இன்னும் சில மணி நேரம்தான்” என்கிறது வரி. எல்லாமே பொய் என்று சொல்லிவிட முடியாது. உண்மையாகவே தவிக்கும் குடும்பங்களும் இப்படித்தான் கேட்கின்றன. பொய் விளம்பரம் செய்யும் பெரிய அநியாயமே அந்தக் குடும்பங்களுக்குத்தான். விளம்பரத் தர நிர்ணயக் குழுவான ஆஸ்கி 2023இல் அறக்கொடை விளம்பரங்களுக்கு நெறி வகுத்தது: கொடுக்காதவரைக் குற்றவாளியாக்கக் கூடாது, துயரப்படுவோரின் மானத்தைக் குலைக்கும் படம் கூடாது, பணம் எதற்குப் போகிறது என்பதில் மயக்கம் கூடாது. இந்த மூன்றில் ஒன்று இடறினாலும் விரலை நிறுத்திக்கொள்வது நல்லது.

பிறகு விசாரிக்கலாம். விளம்பரத்தில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் தெரியும் பெயர் அமைப்புடையதா, யாரோ தனிநபருடையதா? அதே படம் வேறு பெயரில் உலவுகிறதா என்று கூகுள் லென்ஸில் தேடிப் பார்க்கலாம். மருத்துவமனையின் பெயர் இருந்தால், விளம்பரத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, மருத்துவமனையின் பொது எண்ணைத் தேடி அழைக்க வேண்டும். “80ஜி வரிவிலக்கு உண்டு” என்று எழுதிவிட யாராலும் முடியும். பதிவு எண்ணையும் பான் எண்ணையும் கேட்டு வாங்கி, வருமான வரித் துறை தளத்தில் சரிபார்க்கலாம். 2021-22 முதல் வரிவிலக்குக்கான 10பிஇ சான்றிதழையும் நிறுவனம் அந்தத் தளத்திலிருந்தே எடுத்துத் தர வேண்டும். பழைய ரசீதின் இன்றைய வடிவம் அதுதான்.

மாணவர் இல்லம் இன்றும் மயிலாப்பூரில் இருக்கிறது, புற்றுநோய் மருத்துவமனை அடையாறில் இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்துவிட்டே கொடுக்கலாம். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.