பல் கிளினிக்கில் மயக்கமருந்து: தொடர்கல்வி (அமெரிக்கா)

பெரிய மருத்துவமனையில் அல்லாமல் பல் மருத்துவரின் கிளினிக்கிலேயே மயக்கமருந்து கொடுப்போரும் அவர்களின் உதவியாளர்களும் பெறும் தொடர்பயிற்சி. மயக்கமருந்துத் துறையைத் தொடங்கியவர்களுள் பல் மருத்துவர்கள் முக்கியமானவர்கள்: ஹோரஸ் வெல்ஸ் 1844இல் நைட்ரஸ் ஆக்சைடையும், வில்லியம் மார்ட்டன் 1846இல் ஈதரையும் பயன்படுத்தினர்.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2016 நெறிமுறை, மிதமான மயக்கநிலைப் பயிற்சிக்குக் குறைந்தது 60 மணி நேரப் பாடமும் 20 நோயாளிகளைத் தாமே கையாண்ட அனுபவமும் கேட்கிறது. மயக்கமருந்து கொடுக்க அனுமதி வழங்குவது மாநிலப் பல் மருத்துவ வாரியங்கள். விதிகள் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்க இதயச் சங்கத்தின் உயிர்காப்புச் சான்றிதழை 2 ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும்.

பயிற்சியின் உயிர்நாடி சுவாசப்பாதைதான். மருந்தளவு சற்றுக் கூடினாலும் மூச்சு தளரும், நாக்கு பின்சரிந்து பாதையை அடைக்கும். மயக்கத்தின்போது குரல்வளையும் இறுகலாம். கூடுதல் ஆக்சிஜன் பெறும் நோயாளியின் மூச்சு நின்றாலும், விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் சற்று நேரம் நல்ல அளவையே காட்டிக்கொண்டிருக்கும். வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராபி முன்பே எச்சரிக்கும். அந்த அலைக்கோட்டைப் படிக்கவும், தாடையை முன்தள்ளிப் பிடிக்கவும், முகமூடிப் பையால் மூச்சூட்டவும் மாதிரி உருவங்களில் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள்.

உதவியாளர் பயிற்சியை இரண்டாம்பட்சமாகக் கருதுவது ஆபத்தானது. வாய் அறுவை மருத்துவர் பல இடங்களில் மயக்கமும் தாமே கொடுத்து அறுவையும் தாமே செய்கிறார். அப்போது மானிட்டரை இடைவிடாது கவனிக்கும் கண்கள் உதவியாளருடையவை. உதவியாளர்களுக்கென அமெரிக்க வாய், முக அறுவை மருத்துவர் சங்கம் தனிச் சான்றிதழ்த் தேர்வு நடத்துகிறது.