கிந்தாப் பள்ளத்தாக்கின் இரவும் ஒற்றை நிற ஒளியும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இரவு எவ்வாறு மாறிற்று என்பதை எழுதப் புகுகின்றவன் ரப்பரையும் ஈயத்தையும் பற்றிப் பேசாமல் ஓரடியும் நகர முடியாது. 1877-ஆம் வருஷம் கோலகங்சாரில் ஆங்கிலேய ரெஸிடெண்டின் வளாகத்தில் ஊன்றப்பட்ட ரப்பர்க் கன்றுகளின் வமிசம், இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் காட்டை அழித்துக்கொண்டு மலைச்சரிவெங்கும் பரவ, அம்மரங்களுக்குப் பால் வெட்டுவதற்கென்று நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழ் மக்கள், ஆள் திரட்டிய கங்காணியின் பின்னே நடந்து, சுங்கை சிப்புட், தாப்பா, தெலுக் இந்தான் முதலிய வட்டாரங்களின் லயங்களில் குடியமர்ந்தனர். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் மரம் தாராளமாகப் பால் வடிக்கும் என்பதனால் அவர்களுடைய நாள் கருக்கலிலேயே, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தொடங்கிற்று. மாசி மாதத்தில் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும்போது, பால் ஏந்தும் மங்கும் வெட்டுக் கத்தியுமாக நிரைக்குப் போகிறவர்களின் தலைக்கு மேல், தென்கிழக்கில் விருச்சிகம் நிமிர்ந்து கிடக்கும்; அதன் வாலுக்கு அப்பால், பால்வீதியின் மிகப் பிரகாசமான பாகத்தில், வெறுங்கண்ணுக்கே ஒரு பஞ்சுத் துணுக்குப் போலப் புலப்படுகிற பொருளொன்று உண்டு. வான சாஸ்திரிகள் லகூன் நெபுலா என்று அழைக்கும் வாயுப் படலம் அது. அதை நிமிர்ந்து பார்க்க அந்த மக்களுக்கு அவகாசம் இருந்ததா என்பது வேறு விஷயம். பார்ப்பதற்கு வேண்டிய இருட்டு மட்டும் குறைவின்றி இருந்தது.

அந்த இருட்டை முதலில் கலைத்தது ஈயம். 1930-இல் பேராக் நதியின் குறுக்கே செண்டரோ அணை எழுந்தபின் மின்சாரம் கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கங்களுக்குப் பாய்ந்தது. தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிப் பொருளாக நிற்கும், 1938-இல் கட்டப்பட்ட தூர்வாரியைப் போன்ற இயந்திரங்கள் இரவென்றும் பகலென்றும் பாராமல் மண்ணைக் குடைந்தன. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் பக்கத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலம் பிரகடனமாயிற்று. அதன்பின் லயங்கள் பலவும் முள்வேலிக்குள் அடைபட்டு, இரவில் வெளியே நடமாடுவதே குற்றமாயிற்று. 1985-இல் ஈயத்தின் விலை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்டதும், பால்மரம் வெட்டப்பட்ட நிலத்தில் செம்பனை ஏறியதும், பல தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டுத் தாமான் என்னும் குடியிருப்புகளாக மாறியதும் யாவரும் அறிந்த கதை. ஈயம் ஓய்ந்தும் வெளிச்சம் ஓயவில்லை என்பது பள்ளத்தாக்கின் நகரான ஈப்போவின் வானத்தை நோக்குகிறவர்க்கு இன்று விளங்கும்.

இந்த வெளிச்சத்தின் நடுவிலும் நெபுலாவைப் படம் பிடிக்க, அதன் ஒற்றை நிற ஒளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி என்னும் உபாயம் உண்டு. அந்த உபாயத்தின் பூர்வ சரித்திரத்தின் முக்கியமான ஏடுகளில் இரண்டு, பேராக்கின் தமிழர்கள் புறப்பட்டு வந்த அதே சென்னை மாகாணத்தில் எழுதப்பட்டவை.

முதலாவது, 1868 ஆகஸ்ட் 18-இல் நேர்ந்த பூரண சூரிய கிரகணம். அதன் நிழல் குண்டூரைத் தொட்டு, வங்கக் கடலைத் தாண்டி, பேராக்கிற்கு வடக்கே சயாம் தேசத்து நிலப்பகுதியின் மேலும் சென்றது. குண்டூரில் முகாமிட்டிருந்த ழான்ஸன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, சூரியனின் விளிம்பில் எழும் சுவாலைகளை நிறமாலைக் கருவியால் நோக்கி, அவை ஒரு சில நிறங்களில் மட்டுமே ஒளிவிடும் வாயுக்கள் என்று கண்டதோடு நில்லாமல், கிரகணம் விலகிய மறுநாளும் பட்டப்பகலில் அவற்றைக் கண்டார். இது எவ்வாறு கூடிற்று? ஆகாயத்தின் வெளிச்சம் எல்லா நிறங்களும் கலந்தது. ஆகவே முப்பட்டகக் கண்ணாடியால் அதை விரிக்க விரிக்க மெலிந்துபோகும். ஹைட்ரஜனின் ஒளியோ ஒற்றை நிறமானது; எவ்வளவு விரித்தாலும் தன் இடத்தில் அப்படியே நிற்கும். ஈப்போவின் தெருவிளக்கை இன்று வெல்வதும் இந்த நியாயமேயன்றி வேறன்று.

நெபுலாவின் ஒளியும் இவ்வகையைச் சேர்ந்ததே என்பது அதற்கு முன்பே, 1864-இல், லண்டனில் வில்லியம் ஹக்கின்ஸ் கண்ட உண்மை. அவர் கண்ட பச்சைக் கோடு பூமியில் அறியப்பட்ட எந்தப் பொருளுக்கும் பொருந்தாமையால், நெபுலியம் என்றொரு புதிய தனிமமே கற்பிக்கப்பட்டது. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்ஸிஜனே அது என்று 1927-இல் போவன் நிரூபித்த பிறகுதான் அந்தக் கற்பனை அகன்றது. இடையில் 1880-இல் ஹென்றி டிரேப்பர் 51 நிமிஷம் தகட்டைத் திறந்துவைத்து மிருகசீரிஷ மண்டலத்துப் பெரிய நெபுலாவை முதன்முதலாகப் படமாக்கினார். எனினும் அக்காலத்துத் தகடுகள் நீலத்தை உணருமே தவிரச் சிவப்புக்குக் குருடாயிருந்தன. ஹைட்ரஜனின் மிகப் பிரகாசமான கோடோ 656.3 நானோமீட்டரில் நிற்கும் ஆழ்ந்த சிவப்பு.

இரண்டாவது ஏடு கோடைக்கானல். அங்குள்ள வானாய்வு நிலையத்தில் 1904 முதல் கால்சியத்தின் ஊதா ஒளியிலும், சிவப்பை உணரும் தகடுகள் கைவந்தபின் 1912 முதல் ஹைட்ரஜனின் சிவப்பிலும், சூரியன் நாள்தோறும் ஒற்றை நிறத்தில் படமாக்கப்பட்டது. ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டுக் கங்காணிகள் மதுரை, திருச்சி ஜில்லாக்களில் ஆள் திரட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை என்பதை எண்ணும்போது, மலை மேலே நடந்த வேலையும் மலையடிவாரத்திலிருந்து கிளம்பிய ஜனங்களும் ஒன்றையொன்று அறியாமலே இருந்தது எனக்கு விசித்திரமாகத் தோன்றும்.

இதே சிவப்பைக் கொண்டு தென்வானத்தைத் துருவியவர் ஆஸ்திரேலியரான காலின் கம். அவர் 1955-இல் வெளியிட்ட பட்டியலில் பேராக்கிலிருந்து காணக்கூடிய நெபுலாக்கள் ஏராளம். அவர் பெயரையே தாங்கிய ஒன்று ஆகாயத்தில் முப்பத்தைந்து பாகைக்கு மேல் அகன்று கிடந்தும் கண்ணுக்குத் தெரியாமலே இருந்து, சிவப்புத் தகட்டில்தான் வெளிப்பட்டது.

இன்றைய வடிகட்டி ஒரு சிறு கண்ணாடி வில்லை. வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த பற்பல மெல்லிய படிவுகள், வேண்டிய அலைநீளத்தைச் சுற்றி மூன்று முதல் ஏழு நானோமீட்டர் அகலத்தை மட்டும் உள்ளே விட்டு, மீதியைத் திருப்பியடிக்கின்றன. பழைய சோடிய விளக்கின் மஞ்சள் 589-இல் நிற்பதால் முற்றிலும் தடுபடும். புதிய வெள்ளை விளக்குகள் எல்லா நிறத்தையும் இறைத்தாலும், மூன்று நானோமீட்டர் வாசலில் நுழைவது ஏறக்குறைய நூறில் ஒரு பங்கே. நெபுலாவின் ஹைட்ரஜன் ஒளியோ பெரும்பாலும் உள்ளே வந்துவிடும். அதுவும் சொற்பமே ஆகையால், ஐந்து நிமிஷம் பத்து நிமிஷமாகப் பல மணி நேரம் எடுத்த படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கிறார்கள்.

இதில் பேராக்கிற்கே உரிய சிரமம் ஒன்று உண்டு. தொலைநோக்கியின் அச்சை வடதுருவத்துக்கு நேர்ப்படுத்தினாலொழிய நீண்ட நேரப் படத்தில் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். ஈப்போவிலோ துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் சுமார் நாலரைப் பாகையில்தான் நிற்கிறது. சுண்ணாம்புக் குன்று மறைக்காவிட்டால் செம்பனை மறைக்கும், அதுவும் இல்லாவிட்டால் பனிமூட்டம். ஆகவே கிழக்கிலும் உச்சியிலும் ஒவ்வொரு நட்சத்திரத்தைப் பிடித்து, அது விலகும் திக்கைக் கவனித்து அச்சைத் திருத்தும் பழைய முறையே நெடுங்காலம் இங்கே கைகொடுத்தது. இப்போது அக்கணக்கைக் காமிராவும் கணினியுமே போட்டுவிடுகின்றன. தொலைநோக்கியின் முகப்பு வில்லையில் ஈரம் படியாதிருக்கச் சூட்டுப்பட்டையும் சுற்றியாக வேண்டும்.

இப்படித் தனித்தனி ஒளியில் எடுத்த படங்களுக்கு, கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம் என்று நிறங்களை மாற்றித் தீட்டும் வழக்கம், 1995-இல் ஹபிள் தொலைநோக்கி எடுத்த கருட நெபுலாவின் படத்தால் உலகெங்கும் பரவிற்று. பகுத்துக் காட்டுவதற்கு அது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் ஹைட்ரஜன் ஒன்றையே கறுப்பு வெளுப்பில் காட்டும் படத்தில் உள்ள நேர்மை அந்த வர்ணப் படங்களில் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஹைட்ரஜனுக்கு வேறொரு சௌகரியமும் உண்டு. வானில் சிதறும் நிலவொளியில் நீலம் மிகுதியாகையால் ஹைட்ரஜனின் சிவப்பை நிலா அவ்வளவாகக் கெடுப்பதில்லை. ஆக்ஸிஜனின் பச்சையைத்தான் அதிகம் பாதிக்கும். ஆகையால் மேகமற்ற இரவுகள் அரிதான இந்தப் பிரதேசத்தில் படம் எடுக்கிறவர் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளை ஹைட்ரஜனுக்கு விட்டு, ஆக்ஸிஜனை அமாவாசைக்கு ஒதுக்கிவைப்பது வழக்கம். அமாவாசை தோறும் மேகம் கவிந்தால் ஒரே நெபுலாவின் படம் அடுத்த வருஷம்வரை பாதியிலேயே நிற்கும்.