மருத்துவ உதவி உண்டியல்

நோய் தீர்க்கும் பணிக்குச் சில்லறை சேர்த்த பெட்டி. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டே மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அம்மிசனைத் தாங்கியது அமெரிக்கச் சபையாரின் காணிக்கை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் மிசன் பணிகளுக்கென வீட்டு உண்டியல்கள் பரவின. அவற்றில் இருந்தது பெரும்பாலும் பெண்கள் சேர்த்த காசு.

இத்தகைய உண்டியல்களில் பெயர்பெற்ற வடிவம் பன்றி. கன்சாஸ் மாநிலச் சிறுவன் வில்பர் சாப்மன், தனக்குக் கிடைத்த 3 டாலரில் பன்றிக்குட்டி வாங்கி வளர்த்தான். 1913இல் அதை விற்ற 25 டாலரைத் தொழுநோயாளருக்குக் கொடுத்தான். ஞாயிறு பள்ளிகளில் தொழுநோய் நிதிக்குப் பன்றி உண்டியல் பரவ அதுவே காரணம். பன்றி உண்டியலே அப்போதுதான் பிறந்தது என்பது தவறு: சாவகத்தில் (ஜாவாவில்) பல நூற்றாண்டுகளுக்கு முந்திய சுடுமண் பன்றிகள் கிடைத்துள்ளன.

கிறீன் பணியாற்றிய மானிப்பாய் மருத்துவமனை இன்று கிறீன் நினைவு மருத்துவமனை எனப்படுகிறது.