மின்கம்பியில் ஏறிய இணையம்

ரொறன்ரோவில் வானொலிக்கும் மின்கம்பிக்கும் இடையிலான வழக்கு நூறு வயதுப் பழையது. 1920களின் தொடக்கத்தில் வீட்டு வானொலி என்றால் பற்றரிதான். பாரமான, அமிலம் நிறைந்த பற்றரிகள். ஓயாமல் சார்ஜ் ஏற்றவேண்டும். சுவருக்குள் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் வானொலிக்கு அது உதவவில்லை. நயாகராவிலிருந்து வந்த அந்த 25 ஹேர்ட்ஸ் மாறுதிசை மின்சாரத்தை வானொலிக் குழாய்க்குள் விட்டால், பாட்டை மூடிக்கொண்டு ஒரு முனகல் ஒலி எழும்.

அந்த முனகலை அடக்கியவர் எட்வர்ட் ரொஜர்ஸ் என்ற ரொறன்ரோ இளைஞர். 1925இல், சுவர் மின்சாரத்தில் நேரடியாக இயங்கும் வானொலியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1927 பெப்ரவரி 19இல் அவர் தொடங்கிய நிலையத்தின் பெயர் சி.எஃப்.ஆர்.பி. கடைசி இரண்டு எழுத்துகளும் 'ரொஜர்ஸ் பற்றரிலெஸ்' என்பதன் சுருக்கம். இன்று இந்த நகரத்தில் பலர் மாதாமாதம் இணையக் கட்டணம் கட்டும் நிறுவனம் அவருடைய மகன் கட்டியெழுப்பியது.

தந்தை செய்தது மின்கம்பியின் இரைச்சலிலிருந்து வானொலியைக் காப்பாற்றியது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து வேறு சிலர் அதே கம்பியில் இணையத்தை ஏற்ற முயன்றார்கள். பழைய வழக்கு மீண்டும் திறந்தது.

'மின்கம்பிவழி அகலப்பட்டை' என்ற யோசனை கேட்பதற்கு அழகானது. தொலைபேசி எட்டாத கிராமத்துக்கும் மின்சாரம் போகிறது. அந்தக் கம்பியிலேயே தரவையும் அனுப்பினால் புதிதாகக் கிடங்கு வெட்டத் தேவையில்லை. சிக்கல் பௌதிகத்தில் இருந்தது. தொலைபேசிக் கம்பிகள் இரண்டு இரண்டாக முறுக்கப்பட்டவை. ஒன்றிலிருந்து கசியும் அலையை மற்றது பெருமளவு ரத்துச்செய்துவிடும். கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் மின்கம்பிக்கு முறுக்கும் இல்லை, உறையும் இல்லை. அதில் பல மெகாஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில் சமிக்ஞையை ஏற்றினால், தெரு நீளத்துக்கும் அது அன்ரெனா ஆகிவிடும். பயன்படுத்தப்பட்ட அதிர்வெண்களோ சிற்றலை ஒலிபரப்பும், கப்பல்களும், விமானங்களும், அமெச்சூர் வானொலிக்காரர்களும் குடியிருக்கும் பகுதி.

சிற்றலை என்றால் என்ன என்பதை எங்கள் தலைமுறைக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவை உயிர்ப்பித்து லண்டனிலிருந்து வரும் தமிழோசையைக் கேட்டோம். எந்த ஊரில் குண்டு விழுந்தது என்பதைப் பல இரவுகளில் அதில்தான் அறிந்தோம். பின்னர் முதுநிலைப் படிப்பில் அலைப் பரவலைக் கற்றபோது இன்னொன்றும் விளங்கியது. மின்சாரம் அற்ற எங்கள் ஊர், வானொலிக்கு அன்று உலகிலேயே மிக அமைதியான இடங்களில் ஒன்றாக இருந்திருக்கும். ஒளியில்லாத ஊரில் நட்சத்திரம் துலங்குவது போல.

2004 ஒக்டோபர் 14இல் அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணையமான எஃப்.சி.சி. இந்தத் தொழில்நுட்பத்துக்கு விதிகள் வகுத்து வழிவிட்டது. குறுக்கீடு எழுந்தால் அந்த அலைவரிசையைத் தவிர்க்கவும், தூரத்திலிருந்தே கருவியை நிறுத்தவும் வசதி வேண்டும் என்றது. விமானங்களுக்குரிய சில பட்டைகளை விலக்கியது. அமெரிக்க அமெச்சூர் வானொலிச் சங்கத்துக்கு இது போதவில்லை. முறையிடும் பாரம் கேட்பவர் தலையில் விழுகிறது என்பது அவர்கள் கவலை.

இரண்டரை மாதத்தில் ஆழிப்பேரலை வந்தது. டிசம்பர் 26 அன்று, பாரதி பிரசாத் தலைமையிலான இந்திய அமெச்சூர் வானொலிக் குழு ஒன்று வேறு நோக்கத்துக்காக அந்தமானின் போர்ட் பிளேயரில் தங்கியிருந்தது. தொலைபேசிகள் செத்துப்போக, தீவுகளின் செய்திகளை அவர்களே சிற்றலையில் வெளியுலகுக்குக் கொண்டுசென்றார்கள். மெல்லிய சமிக்ஞை ஒன்றின் மதிப்பு என்ன என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

சங்கம் வழக்குத் தொடுத்தது. 2008 ஏப்ரலில் வாஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு குறைகளைச் சுட்டியது. ஒன்று, ஆணையம் தன் பொறியியலாளர்களின் ஆய்வுகளை வெளியிட்டபோது சில பகுதிகளை மறைத்திருந்தது. மற்றது ஒரு கணக்கு. தூரம் பத்து மடங்கானால் அலையின் வலு 40 டெசிபெல் குறையும் என்று ஆணையம் எடுத்துக்கொண்டது. 20க்குக் கிட்டத்தான் குறையும் என்றது சங்கம். இருபது டெசிபெல் என்பது வலுவில் நூறு மடங்கு. தன் எண்ணுக்கு ஆணையம் போதிய காரணம் சொல்லவில்லை என்றது நீதிமன்றம். ஆணையம் பெரும்பாலும் பழைய விதிகளையே 2011இல் மீண்டும் உறுதிசெய்தது.

அதற்குள் சந்தை தன் தீர்ப்பைச் சொல்லியிருந்தது. மின்மாற்றிகள் சமிக்ஞையைத் தடுத்தன. வழிநெடுக மீள்பெருக்கிகள் தேவைப்பட்டன. தொலைபேசி, கேபிள் வழி இணையம் மலிந்தது. நகர் முழுவதற்கும் இச்சேவையை முதலில் கொடுத்த வர்ஜீனியாவின் மனாசஸ் நகரம் 2010இல் அதைக் கைவிட்டது.

கனடாக் கைத்தொழில் திணைக்களம் 2005 யூலையில் இதே கேள்வியைப் பொதுக் கலந்தாலோசனைக்கு விட்டது. ரொறன்ரோ மின்சபையின் தொலைத்தொடர்பு நிறுவனம் வேறு வழியில் போனது. கம்பியை விட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டது: 2006இல் நகர மையத்தின் தெருவிளக்குக் கம்பங்களில் வைஃபை பெட்டிகளைப் பொருத்தியது. வைஃபை இயங்கும் பட்டையில் யாரும் யாரிடமும் முறையிட முடியாது. அங்கே எல்லோரும் உரிமமற்ற குடிகள். 2008இல் அந்த நிறுவனம் கொஜெக்கோவுக்கு 20 கோடி டொலருக்கு விற்கப்பட்டது.

என் தொழில் வலையமைப்புகளோடுதான். இணையத்துக்கு எதிராக எழுதுவதற்கு எனக்குக் காரணம் இல்லை. ஆனாலும் இந்த வரலாற்றில் ஒன்று உறுத்துகிறது. ஒலிபரப்புபவருக்கு உரிமம் உண்டு, கம்பிக்கு உரிமையாளர் உண்டு. தூரத்திலிருந்து வரும் மெல்லிய குரலைக் கேட்க விரும்புபவருக்குச் சட்டத்தில் பெரிய இடம் இல்லை. அவருடைய உரிமை, சுற்றுப்புறம் அமைதியாக இருக்கும் வரைக்கும்தான். அதற்காக வாதாடியவர்கள் பொழுதுபோக்குக்காரர்கள் என்று அலட்சியமாக அழைக்கப்பட்ட அமெச்சூர்கள். அவர்களுக்கு நாமும் கடன்பட்டிருக்கிறோம்.

2012இல் கனடா தன் சர்வதேச வானொலியின் சிற்றலையை நிறுத்தியது. 2017 ஏப்ரலில் தமிழோசையின் வானொலிச் சேவை ஓய்ந்தது. இன்று ஸ்காபரோ அடுக்குமாடி ஒன்றில் சிற்றலை வானொலியைத் திருப்பினால் மலிவு எல்.ஈ.டி. விளக்கும் சார்ஜரும் எழுப்பும் உறுமல்தான் முதலில் கேட்கும். கேட்கக் குரலே இல்லாதபோது இரைச்சல் யாருக்குத் தொந்தரவு என்று கேட்கலாம். 2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின், இலங்கை அரசு சமூக ஊடகங்களை முடக்கியபோது அதற்கான விடை கிடைத்தது. கம்பிக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவர் நினைத்தால் அறுக்கலாம். எல்லை கடந்து வானத்தால் வரும் குரலை அப்படி அறுக்க முடியாது. இரைச்சலால் மூடத்தான் முடியும்.